இயந்திரத்தின் மூச்சுக்குழாய்: நீளம் எவ்வளவு இருக்க வேண்டும்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையும் அதனைத் தொடர்ந்த கேள்வி பதிலும், எழுத்து வடிவில்)



தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குக் காரில் ஏறியவர்களுக்கு நான் சொல்வது புரியும். வளைவு வந்ததும் வேகத்தைக் குறைக்கிறோம். வளைவைத் தாண்டியதும் எண்ணெய் மிதியை அழுத்துகிறோம். அப்போது இயந்திரம் நிமிடத்திற்கு 2,500 சுற்றுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. சில கார்கள் அந்த இடத்தில் சட்டென்று இழுக்கும். சில கார்கள் முனகும். கியரைக் குறைத்தால்தான் நகரும். பின்னால் லாரி, காரில் நான்கு பேர், பெட்டிகள் வேறு. இத்தனைக்கும் இரண்டு கார்களின் இயந்திரமும் 1.6 லிட்டராகவே இருக்கலாம். வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

காரின் எடை, கியர் விகிதம், வால்வைத் திறக்கும் கேம் என்று காரணங்கள் பல உண்டு. இன்று அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காற்று அறையிலிருந்து சிலிண்டருக்குக் காற்றைக் கொண்டு செல்லும் குழாய். ஆங்கிலத்தில் இதனை இன்டேக் ரன்னர் என்பார்கள். நான் மூச்சுக்குழாய் என்றே சொல்கிறேன். இதற்கு ஒரு நீளமும் ஒரு விட்டமும் உண்டு. அந்த இரண்டு அளவுகளும் நம் காரின் குணத்தை எவ்வளவு தூரம் தீர்மானிக்கின்றன என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் நாட்டு உதாரணம் ஒன்று இருக்கிறது. 2004-ஆம் ஆண்டில் புரோட்டோன் நிறுவனம் ஜென்-2 காரில் கேம்புரோ என்ற இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. 1,597 சிசி கொள்ளளவு. 6,000 சுற்றில் 110 குதிரைத்திறன். 4,000 சுற்றில் 148 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. காகிதத்தில் பார்த்தால் நல்ல எண்கள். ஆனால் நிறுவனமே வெளியிட்ட வரைபடத்தில் 2,500 முதல் 3,000 சுற்று வரையிலான பகுதியில் முறுக்கு விசைக் கோடு ஏறாமல் சற்றுக் கீழே சரிந்து, பிறகுதான் மேலே போனது. மலையேற்றத்திலும் முந்திச் செல்லும்போதும் நமக்குத் தேவைப்படும் பகுதி அதுதான்.

2008 ஜனவரியில் வந்த புதிய சாகா காரில் இந்த இயந்திரத்தோடு நீளம் மாறக்கூடிய மூச்சுக்குழாய்த் தொகுதி சேர்க்கப்பட்டது. அடுத்து வந்த சிபிஎஸ் வகை இயந்திரத்தில் கேமும் மாறியது, குழாயும் இரு நீளங்களில் வேலை செய்தது. 4,800 சுற்றுக்குக் கீழே நீளமான வழி. அதற்கு மேலே குட்டை வழி. சக்தி 6,500 சுற்றில் 125 குதிரைத்திறனாக உயர்ந்தது. கீழ்ச் சுற்றிலும் இழுவை மேம்பட்டது. ஆகவே குழாயின் நீளம் விளையாட்டு விஷயம் அல்ல.

அரை கிராம் காற்று

நான்கு வீச்சு இயந்திரத்தில் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை இழுக்கிறது. மேலே ஏறி அழுத்துகிறது. எரிந்த வாயு அதனைக் கீழே தள்ளுகிறது. மீண்டும் ஏறிப் புகையை வெளியேற்றுகிறது. இது பள்ளிப் பாடம். நாம் கவனிக்க வேண்டியது முதல் வீச்சு மட்டும்.

6,000 சுற்றில் ஓடும்போது அந்த முதல் வீச்சுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் 5 பங்கு. அதற்குள் ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 400 சிசி காற்று நுழைய வேண்டும். எடை போட்டால் அது அரை கிராமுக்கும் சற்றுக் குறைவு. குழாயின் உள்விட்டம் 40 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கேம்புரோவின் பிஸ்டன் விட்டம் 76 மில்லிமீட்டர், வீச்சு 88 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் குழாயில் காற்றின் சராசரி வேகம் நொடிக்கு 63 மீட்டருக்கு மேல் வருகிறது. மணிக்கு 229 கிலோமீட்டர்! நெடுஞ்சாலையில் அந்த வேகத்தில் போனால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இவ்வளவு வேகத்தில் ஓடும் காற்றுக்கு, எடை அரை கிராமே ஆனாலும், உந்தம் உண்டு. பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மேலே திரும்பிய பிறகும் காற்று உடனே நிற்பதில்லை. தன் வேகத்தில் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் உள்ளிழுப்பு வால்வை அடிமட்டத்திலேயே மூடுவதில்லை. அதன் பிறகும் கிராங்க் தண்டு 40 முதல் 60 பாகை வரை திரும்பும் மட்டும் திறந்து வைக்கிறார்கள். வேகமாக ஓடும்போது இது லாபம். மெதுவாக ஓடும்போது காற்றுக்கு அந்த உந்தம் இருக்காது. ஏறி வரும் பிஸ்டன் உள்ளே வந்த காற்றையே திரும்ப வெளியே தள்ளிவிடும். கீழ்ச் சுற்றில் இயந்திரம் முனகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எதிரொலியைப் பிடிப்பது எப்படி?

உந்தம் பாதிக் கதைதான். மீதி அலை.

பிஸ்டன் வேகமாக இறங்கும்போது வால்வின் வாசலில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு அங்கேயே தங்குவதில்லை. ஒலியின் வேகத்தில் குழாய் வழியே மேலே ஓடுகிறது. குழாய் முடிந்து காற்று அறை தொடங்கும் இடத்தை அது அடைகிறது. அங்கே காற்று நிறைய இருக்கிறது. குறைந்த அழுத்தத்தைக் கண்டதும் அறையில் உள்ள காற்று குழாய்க்குள் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் இப்போது அதிக அழுத்த அலையாக மாறி வால்வை நோக்கித் திரும்பி வருகிறது. குகைக்குள் குரல் கொடுத்தால் அதே குரல் திரும்பி வரும். இங்கே ஒரு வித்தியாசம்: உறிஞ்சலாகப் போனது தள்ளலாகத் திரும்புகிறது.

இந்தத் தள்ளல் வால்வு மூடுவதற்குச் சற்று முன் வந்து சேர்ந்தால் கூடுதலாகக் காற்று உள்ளே போகும். சிலிண்டரின் கொள்ளளவை விட அதிகமான காற்று கூட நுழையும். மின்சாரம் வேண்டாம், விசிறி வேண்டாம், எண்ணெய்ச் செலவும் இல்லை. வால்வு மூடிய பிறகு வந்தால் கதவு சாத்திய வீட்டுக்கு வந்த விருந்தாளி கதைதான்.

இனி நீளத்தைக் கணக்கிடலாம். பிஸ்டன் மிக வேகமாக இறங்குவது மேல்மட்டத்திலிருந்து கிராங்க் தண்டு சுமார் 75 பாகை திரும்பிய இடத்தில். வலுவான உறிஞ்சல் அங்கிருந்து புறப்படுகிறது. அது போய்த் திரும்பி வருவதற்குள் தண்டு இன்னும் 90 பாகை திரும்பியிருக்கட்டும். அப்போது பிஸ்டன் அடிமட்டத்தை நெருங்கிவிட்டது; அதன் இழுவை தளர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் அலை வாசலில் வந்து நிற்கும். நொடிக்கு 350 மீட்டர் என்பது நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம். இவற்றைச் சேர்த்தால் எளிமையான ஒரு வாய்ப்பாடு கிடைக்கிறது. 2,625-ஐ நிமிடச் சுற்றால் வகுத்தால் வருவது மீட்டர் கணக்கில் நீளம்.

5,000 சுற்றுக்கு 52.5 செண்டிமீட்டர். 6,500 சுற்றுக்கு 40 செண்டிமீட்டர். 4,000 சுற்றுக்கு 66 செண்டிமீட்டர். நம் மலைச் சாலைக்கு வேண்டிய 2,500 சுற்றுக்கோ 105 செண்டிமீட்டர்! இந்த நீளத்தை வால்விலிருந்து அளக்க வேண்டும். சிலிண்டர் தலைக்குள் இருக்கும் வழியும் இதில் அடக்கம். பட்டறைகளில் பலர் வெளியே தெரியும் குழாயை மட்டும் அளந்துவிட்டுக் கணக்கு பொய் என்பார்கள்.

ஒரு மீட்டர் நீளமான குழாயைக் காரின் முன்பக்கத்தில் எங்கே வைப்பது? 1960-இல் அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனத்தார் வைத்துக் காட்டினார்கள். 300எஃப் என்ற காரில் 6.8 லிட்டர் வி8 இயந்திரம். இடப்பக்கம் தொங்கிய கார்புரேட்டர் வலப்பக்கச் சிலிண்டர்களுக்கும், வலப்பக்கத்தது இடப்பக்கத்துக்கும் காற்று கொடுத்தன. குழாய்கள் இயந்திரத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடந்தன. ஒவ்வொன்றும் 30 அங்குலம், அதாவது 76 செண்டிமீட்டர். முறுக்கு விசையின் உச்சம் 2,800 சுற்றில் 671 நியூட்டன் மீட்டர்.

சரிபார்ப்போம். அலை போய்வர 1.52 மீட்டர். எடுக்கும் நேரம் ஆயிரத்தில் 4.3 நொடி. 2,800 சுற்றில் அந்த நேரத்துக்குள் தண்டு 73 பாகை திரும்பும். சிலிண்டர் தலைக்குள் இருக்கும் வழியையும் சேர்த்தால் 80 பாகைக்கு மேல் வரும். நாம் எடுத்த 90-க்கு இது பக்கத்திலேயே இருக்கிறது. 90 என்பது கல்லில் பொறித்த எண் அல்ல. 80 என்று வைத்துக் கணக்கிடுவோரும் உண்டு.

அதே காரில் இன்னொரு வகையும் வந்தது. வெளித்தோற்றம் ஒன்றுதான். உள்ளே இருந்த தடுப்புச் சுவரை வெட்டி, செயல்படும் நீளத்தை 15 அங்குலமாக்கினார்கள். சக்தி 375-லிருந்து 400 குதிரைத்திறனாக உயர்ந்தது. முறுக்கு விசை 630-ஆகக் குறைந்து, அதன் உச்சம் 3,600 சுற்றுக்குப் போனது. நீளம் பாதியானால் சுற்று இருமடங்காகி 5,600 வர வேண்டுமே என்று கேட்பீர்கள். வரவில்லை. கேம், வால்வின் அளவு, உராய்வு எல்லாம் தங்கள் பங்குக்குப் பேசுகின்றன. குழாய் ஒன்று மட்டும் ராஜாங்கம் நடத்த முடியாது.

ஒரு மீட்டர் குழாய்க்கு இடம் இல்லாத சாதாரணக் கார்களில் வேறு வழியைக் கையாளுகிறார்கள். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் அலை குழாய்க்குள் பலமுறை போய்வருகிறது. அதன் மூன்றாவது அல்லது நான்காவது வருகையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அலை வலுவிழப்பதால் பலனும் குறைவு.

புட்டியும் கழுத்தும்

காலிப் புட்டியின் வாயில் ஊதினால் ஓசை எழும். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதனை ஆராய்ந்தார். புட்டிக்குள் இருக்கும் காற்று சுருள்வில் போலவும், கழுத்தில் இருக்கும் காற்று அதில் தொங்கும் எடை போலவும் ஆடுகின்றன. சிலிண்டரைப் புட்டியாகவும் மூச்சுக்குழாயைக் கழுத்தாகவும் பாருங்கள். முதல் கணக்கில் விட்டத்துக்கு இடமே இல்லை. இந்தக் கணக்கில் விட்டமும் பேசுகிறது.

பிஸ்டன் நகர்வதால் புட்டியின் கொள்ளளவு மாறிக்கொண்டே இருக்கிறதே? எங்கெல்மன் என்ற பொறியியலாளர் 1973-இல் இதற்கு ஒரு நடைமுறை வழி சொன்னார். பிஸ்டன் பாதி வழியில் இருக்கும்போதுள்ள கொள்ளளவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் அதிர்வெண், தண்டு நொடிக்குச் சுற்றும் எண்ணிக்கையைப் போல் சுமார் 2.1 மடங்காக இருக்கும் இடத்தில் காற்று நன்றாக நிரம்பும் என்றார்.

கேம்புரோவின் அளவுகளைப் போட்டுப் பார்க்கலாம். அழுத்த விகிதம் 10. எனவே ஒரு சிலிண்டரின் பாதிக் கொள்ளளவும் மேல் இடைவெளியும் சேர்ந்து 244 சிசி. குழாய் 40 மில்லிமீட்டர் விட்டம், 40 செண்டிமீட்டர் நீளம் என்று நாமாக வைத்துக்கொள்வோம். குழாயின் குறுக்குப் பரப்பை, நீளமும் கொள்ளளவும் பெருக்கி வரும் தொகையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, ஒலி வேகத்தால் பெருக்கி, 6.28-ஆல் வகுக்க வேண்டும். விடை நொடிக்கு 200 அதிர்வுகள். அதனை 2.1-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 5,700 சுற்று. நீளத்தை 60 செண்டிமீட்டராக்கினால் 4,660. நீளத்தை 40-லேயே வைத்து விட்டத்தை மட்டும் 35 மில்லிமீட்டராகக் குறைத்தால் 5,000. ஐந்து மில்லிமீட்டரில் 700 சுற்று நகர்ந்துவிட்டது!

இப்போது கவனியுங்கள். அதே 40 செண்டிமீட்டருக்கு அலைக் கணக்கு ஏறக்குறைய 6,560 சுற்று என்கிறது. புட்டிக் கணக்கு 5,700 என்கிறது. எது சரி? இரண்டும் அரைகுறைதான். ஒன்று சிலிண்டரை மறக்கிறது; மற்றொன்று அலை ஓட எடுக்கும் நேரத்தை மறக்கிறது. இன்றைய வடிவமைப்பாளர்கள் கணினியில் குழாயைச் சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு பாகைக்கும் அழுத்தத்தைக் கணக்கிடுகிறார்கள். பிறகு இயந்திரத்தைச் சோதனை மேடையில் ஏற்றி அளக்கிறார்கள். ஆனாலும் கணினியில் முதலில் எந்த எண்ணைத் தட்டுவது என்பதற்கு இந்த இரண்டு கைக்கணக்குகளும் போதும்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை

குழாயின் வாயை வெட்டிய மூங்கில் போல் விடக்கூடாது. நாதஸ்வரத்தின் அணசைப் போல் விரிந்து, விளிம்பு உருண்டு இருக்க வேண்டும். கூர்மையான விளிம்பில் காற்று சுவரை விட்டு விலகிச் சுழல்கிறது, வழி சுருங்கிப்போகிறது. தவிர, அலை சரியாக வாயிலேயே திரும்புவதில்லை. சற்று வெளியே போய்த் திரும்புகிறது. சாதாரணக் குழாய்க்கு விட்டத்தில் சுமார் பத்தில் மூன்று பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். 40 மில்லிமீட்டருக்கு அது 12 மில்லிமீட்டர்.

காற்று அறை மிகச் சிறியதாக இருந்தால் அலை திரும்புவதற்கு வேண்டிய திறந்த வெளி கிடைக்காது. ஒரு சிலிண்டரின் இழுவை அடுத்ததைப் பாதிக்கும். மிகப் பெரியதாக இருந்தால் மிதியை அழுத்திய பிறகு அறை நிரம்பும் வரை கார் யோசிக்கும். இயந்திரத்தின் கொள்ளளவை ஒட்டிய அளவில் தொடங்கிப் பார்ப்பது வழக்கம். வளைவுகள் மென்மையாக இருக்கட்டும். நான்கு குழாய்களும் ஒரே நீளமாக இருக்கட்டும். இடம் இல்லை என்று ஓரத்துக் குழாயைக் குறைத்தால் நான்கு சிலிண்டரும் நான்கு விதமாக மூச்சு விடும்.

கண்ணாடி இழை கலந்த நைலானில் குழாய்த் தொகுதி செய்கிறார்கள். மலிவு என்பதற்காக மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். உட்புறம் வழுவழுப்பாக வருகிறது. இயந்திரச் சூடும் அலுமினியத்தில் ஏறுவது போல் ஏறாது.

நேயர்களின் கேள்விகள்

கேள்வி (தொழிற்கல்லூரி மாணவர்): ஐயா, நண்பர்கள் பலர் காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிகட்டியைப் போடுகிறார்கள். சத்தமும் வேகமும் கூடுகிறது என்கிறார்கள். உண்மையா?

பதில்: சத்தம் கூடுவது உண்மை தம்பி. வேகத்தை அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டியும் அதற்கு முன்னால் இருக்கும் குழாயும் கூட நான் சொன்ன புட்டியும் கழுத்தும்தான். அதனையும் ஒரு குறிப்பிட்ட சுற்றுக்குப் பொருத்தித்தான் வைத்திருப்பார்கள். அதைக் கழற்றினால் அந்தப் பொருத்தம் போகும்; பெரும்பாலும் கீழ்ச் சுற்றில் நஷ்டம். போதாக்குறைக்கு வெளியிலிருந்து வந்த குளிர்ந்த காற்றுக்குப் பதில், இயந்திரத்தின் மேல் சூடேறிய காற்றை இழுக்க வைக்கிறீர்கள். 30 பாகையில் இருக்கும் காற்று 50 பாகைக்குச் சூடானால் ஏறக்குறைய 6 விழுக்காடு எடை குறைகிறது. அதே அளவு காற்று குறைவாக எரிகிறது. பல நூறு வெள்ளி செலவழித்துச் சத்தத்தை வாங்கியதாகிவிடும். உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்: மூன்றாவது கியரில், ஆளில்லாத மேட்டில், 2,000 சுற்றிலிருந்து 4,000 வரை ஏற எத்தனை நொடி ஆகிறது என்று மாற்றுவதற்கு முன்னும் பின்னும் இன்னொருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி (குடும்பத்தலைவி): என் மகள் இயந்திரவியல் படிக்கிறாள். படிப்பில் கணக்குதான் அதிகமாக இருக்கிறது, கையால் எதுவும் செய்வதில்லை என்று வருத்தப்படுகிறாள். இதெல்லாம் அனுபவத்தில் வராதா?

பதில்: அம்மா, நம் பட்டறைகளில் இருக்கும் மூத்தவர்கள் சத்தத்தை வைத்தே எந்த வால்வில் கோளாறு என்று சொல்லிவிடுவார்கள். அந்த அனுபவத்தை நான் தலைவணங்குகிறேன். ஆனால் 40 மில்லிமீட்டர் குழாயை 35 ஆக்கினால் 700 சுற்று நகரும் என்று காது சொல்லாது. குழாய் செய்து, பூட்டி, அளந்து, வெட்டி, மறுபடி செய்து தெரிந்துகொள்ள மாதக் கணக்கில் ஆகும். அவர் கணக்கு வழியே அரை மணியில் அங்கே போய்விடுவார். கையால் செய்ய ஆசை இருந்தால் உலகெங்கும் மாணவர்களே பந்தயக் கார் கட்டும் ஃபார்முலா எஸ்ஏஇ போட்டி இருக்கிறது. அதில் பெட்ரோல் இயந்திரத்துக்குப் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. அந்த ஓட்டைக்குப் பிறகு காற்று அறையையும் குழாயையும் எப்படி அமைப்பது என்பதில்தான் மாணவர்களின் மூளை வேலை செய்கிறது. அவர் படிக்கும் கல்லூரியில் அப்படிக் குழு இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: புதிய கார்கள் பலவற்றில் டர்போ இருக்கிறதே. இனி இந்தக் குழாய்க் கணக்கு எதற்கு?

பதில்: நல்ல கேள்வி. டர்போ காற்றை அழுத்தித் தள்ளுவதால் அலையின் சிறு உதவி பெரிதாகத் தெரியாது. அதனால் டர்போ இயந்திரங்களில் குழாய்கள் பொதுவாகக் குட்டையாக இருக்கும். காற்று அறையும் சிறியது. ஆனால் டர்போ இல்லாத கார்கள் நம் சாலைகளில் இலட்சக்கணக்கில் ஓடுகின்றன. கப்சாய் மோட்டார் சைக்கிள்களைச் சொல்லவே வேண்டாம். அவற்றில் கார்புரேட்டருக்கும் தலைக்கும் இடையே இருக்கும் வளைந்த குழாயை வெட்டிக் குட்டையாக்கும் பழக்கம் இளைஞர்களிடம் இருக்கிறது. பந்தயத் திடலில் எப்போதும் உச்சச் சுற்றில் ஓட்டுகிறவருக்கு அது பொருந்தலாம். காலையில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போகிறவருக்கு, சமிக்ஞை விளக்கிலிருந்து கிளம்பும்போது இழுவை போய்விடும். வெட்டிய குழாயைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே வெட்ட நினைப்பவர் பழையதைப் பத்திரமாக வைத்துவிட்டு, வேறொரு குழாயை வாங்கி அதில் வெட்டிப் பார்க்கட்டும்.